ஒரு எஸ்எஸ்டி சொருகினா 32 தெரியுதா? பிசிஐ கான்ஃபிக்கோட கர்னல் போடும் மல்லுக்கட்டு

[திரையில்: டெர்மினல். எல்எஸ்பிசிஐ (பிசிஐ டிவைஸ்களைக் காட்டும் கட்டளை) பட்டியலில் ஒரே எஸ்எஸ்டி 32 வரிகளில்]

போர்டுல சொருகினது ஒரே ஒரு எஸ்எஸ்டி. லினக்ஸ் காட்டுறது 32. எல்லா வரியிலயும் அதே வெண்டர் ஐடி, அதே டிவைஸ் ஐடி. எஸ்எஸ்டி நல்லாத்தான் இருக்கு, டிரைவர்லயும் கோளாறு இல்ல. சிப்ல இருக்கிற பிசிஐ கன்ட்ரோலர், அதாவது இந்த மாதிரி டிவைஸ்களை சிபியுவோட இணைக்கிற பகுதி, செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செய்யாம விட்டிருக்கு. அதை கர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, ரெண்டே வரி கோடுல சரிபண்ணுது. ஆனா இதே குடும்பத்துல இன்னொரு கோளாறு இருக்கு, அதை எந்த சாஃப்ட்வேராலும் முழுசா சரிபண்ண முடியாது. வீடியோவோட பாதி அதுக்குத்தான், நடுவுல ஓடிடாதீங்க.

அடிப்படையை வேகமா பார்த்துடலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ்ல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் (டிவைஸுக்குள்ள ஒரு தனி செயல்பகுதி) 4096 பைட் கான்ஃபிக் இடம், அதாவது அது யாரு, எப்படி அமைக்கணும்னு சொல்ற பதிவுகள். 256 பஸ், பஸ்ஸுக்கு 32 டிவைஸ், டிவைஸுக்கு 8 ஃபங்ஷன். மொத்தம் 256 எம்பி. இதை அப்படியே மெமரியில விரிச்சு வைக்கிற தரமுறைக்குப் பேரு ஈகேம். பஸ் நம்பரை 20 பிட், டிவைஸ் நம்பரை 15 பிட், ஃபங்ஷனை 12 பிட் இடப்பக்கம் தள்ளி, ஆரம்ப முகவரியோட கூட்டினா போதும். அந்த ஆரம்ப முகவரியை ஏசிபிஐயோட (ஃபர்ம்வேர், அதாவது போர்டுல பதிஞ்சிருக்கிற மென்பொருள், கர்னலுக்கு ஹார்ட்வேர் விவரம் தர்ற முறை) எம்சிஎஃப்ஜி அட்டவணை சொல்லும்.

இதை ஒழுங்கா பின்பற்றின சிப்புக்கு தனி டிரைவரே வேண்டாம். ஆனா ஆர்ம் உலகத்துல பல சிப்புகள் பின்பற்றல.

[திரையில்: 00:00.0 முதல் 00:1எஃப்.0 வரை]

முதல்ல அந்த 32 எஸ்எஸ்டி. எக்ஸ்பிரஸ் இணைப்புல அந்தப் பக்கம் ஒரே டிவைஸ்தான் இருக்க முடியும், அதோட நம்பர் 0. ஒண்ணாம் நம்பரைக் கேட்டா கன்ட்ரோலர் பக்கத்து முனையான ரூட் போர்ட்டே "அப்படி யாரும் இல்ல"ன்னு திருப்பி அனுப்பணும். சினாப்சிஸ் டிசைன்வேர் கன்ட்ரோலரை ஈகேம் முறையில ஓட்டினா இந்த வடிகட்டல் நடக்காது. ஒரே வீட்டுக்கு 32 கதவு எண் போட்ட மாதிரி, எந்த எண்ணைத் தட்டினாலும் அதே ஆள் வந்து திறக்கிறார். மார்வெல் ஆர்மடா 8கே, சோசியோநெக்ஸ்ட் சின்குவேசர் ரெண்டுமே இந்த ரகம். கர்னலோட மருந்து: முதல் பஸ்ஸா இருந்து டிவைஸ் நம்பர் 0-ஐத் தாண்டினா, முகவரிக்குப் பதிலா "நல்" (முகவரியே இல்லைங்கிற குறி) திருப்பிக் கொடு. அவ்வளவுதான், 31 ஆவிகளும் காலி.

அடுத்து ராஸ்பெர்ரி பை 4. இதுல 256 எம்பி ஜன்னலே கிடையாது, 4 கேபி ஜன்னல் ஒண்ணுதான். கன்ட்ரோலர் பதிவேடுகள்ல ஹெக்ஸ் 9000-ல எந்த பஸ், எந்த டிவைஸ்னு எழுதணும். அப்புறம் ஹெக்ஸ் 8000-ல அந்த டிவைஸோட கான்ஃபிக் தெரியும். ரெண்டு படி வேலைங்கிறதால நடுவுல இன்னொரு கோர் புகுந்து நம்பரை மாத்தினா தப்பான டிவைஸைத்தான் படிப்பீங்க. அதனால பூட்டு கட்டாயம். இன்னொரு ஆபத்து: லிங்க் எழும்பாம இருக்கும்போது அந்த ஜன்னலைத் தொட்டா, பிசியில வர்ற மாதிரி எல்லா பிட்டும் 1-னு பதில் வராது, சிபியு அபார்ட் ஆகும், அதாவது பிழைன்னு அந்த வேலையையே முறிச்சிடும். அதனால கர்னல் ஒவ்வொரு தடவையும் லிங்க் நிலையைப் பார்த்துட்டுத்தான் கை வைக்குது.

[திரையில்: 32 பிட் பெட்டி. மேல் பாதி ஸ்டேட்டஸ், கீழ் பாதி கமாண்ட்]

இப்ப முக்கியமான விஷயம். இதை மெதுவாவே பார்க்கலாம்.

சில சிப்புகள் கான்ஃபிக் இடத்தை 32 பிட்டா மட்டும்தான் தொடவிடும். குவால்காம் கியூடிஎஃப்2432-ல படிக்கிறதும் எழுதுறதும் 32 பிட்தான். ஆம்பியர் ஆல்ட்ராவுக்கு கர்னல்ல இருக்கிற விதிவிலக்கு படிக்கிறதுக்கு மட்டும். படிக்கிறதுல பெரிய சேதம் இல்ல: நாலு பைட்டையும் எடு, வேண்டியதை மட்டும் வெட்டிக்கோ. எழுதுறதுலதான் வினை.

கான்ஃபிக் இடத்துல 4-ஆம் பைட்ல 16 பிட் கமாண்ட் இருக்கு. அதை ஒட்டி 6-ஆம் பைட்ல 16 பிட் ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸ்ல பிழை பிட்டுகளுக்கு ஒரு வினோத குணம்: ஹார்ட்வேர் 1 வைக்கும், அதை அழிக்க நீங்களும் 1 எழுதணும். 0 எழுதினா ஒண்ணும் ஆகாது.

பாரிட்டி பிழை (தரவு கெட்டுப்போனதுக்கான அடையாளம்) ஒண்ணு நடந்திருக்குன்னு வைங்க. 32 பிட்டா படிச்சா ஹெக்ஸ்ல 80100002 வருது. மேல இருக்கிற 8 தான் அந்தப் பிழை. டிரைவருக்கு வேண்டியது பஸ் மாஸ்டர் பிட் (டிவைஸ் தானே மெமரியைத் தொட அனுமதி) மட்டும், அதாவது கமாண்ட்ல 0002-ஐ 0006 ஆக்கணும். 16 பிட்டா எழுத வழியில்லாததால கர்னல் நாலு பைட்டையும் படிச்சு, கீழ்ப் பாதியை மாத்தி, 80100006-னு திருப்பி எழுதுது. பார்த்தீங்களா? மேல இருந்த 8 திரும்ப அங்கேயே 1 ஆ போய் விழுது. ஸ்டேட்டஸ் 0010 ஆயிடும். பிழை நடந்த தடயமே போச்சு, யாரும் அழிக்கச் சொல்லாமலே!

இன்னும் நுணுக்கமா பாருங்க: படிச்சதுக்கும் எழுதினதுக்கும் நடுவுல புதுசா வந்த பிழை தப்பிச்சிடும், ஏன்னா அந்த இடத்துல நாம எழுதுறது 0. ஏற்கெனவே பதிவானதுதான் அழியும்.

"மேல் பாதிக்கு 0 எழுதிட்டா போச்சே"ன்னு கேட்பீங்க. ஸ்டேட்டஸுக்கு அது பலிக்கும். ஆனா 4096 பைட்லயும் பக்கத்துல இருக்கிறது எந்த ரகம்னு கர்னலோட இந்த பொதுவான கோடுக்குத் தெரியாது. பக்கத்துல சாதாரண பிட் இருந்தா 0 எழுதினதும் அந்த அமைப்பு அழிஞ்சிடும். எக்ஸ்பிரஸ் கேப்பபிலிட்டியில (கான்ஃபிக் இடத்துல எக்ஸ்பிரஸுக்கான பகுதி) 8-ஆம் பைட் டிவைஸ் கன்ட்ரோல், 10-ஆம் பைட் டிவைஸ் ஸ்டேட்டஸ்; அங்கேயும் இதே கதைதான். பூட் ஆகும்போது பேலோட் அளவை (ஒரு பாக்கெட்ல போற தரவோட அளவு) மாத்தினாலே பிழைப் பதிவு போயிடலாம். சிப்பை மாத்தினாத்தான் விடிவு. இதுக்கு வேற வழி தோணினா கமென்ட்ல எழுதுங்க, நிஜமாவே படிக்கணும்னு ஆசை.

[திரையில்: எம்சிஎஃப்ஜி ஹெக்ஸ் டம்ப்]

இந்த சிப்புல இந்தக் கோளாறுன்னு கர்னலுக்கு எப்படித் தெரியும்? 2017-ல வந்த லினக்ஸ் 4.10-லிருந்து ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கு. எம்சிஎஃப்ஜியில இருக்கிற தயாரிப்பாளர் பேரையும் அட்டவணைப் பேரையும் அதோட ஒப்பிடுது. பேருக்கு 6 எழுத்து, அட்டவணைக்கு 8 எழுத்து. குவால்காம் பேரு அங்க நாலே எழுத்து, அதனால பின்னாடி ரெண்டு காலி இடம் விட்டே ஆகணும். ஃபர்ம்வேர்ல அந்த இடம் மாறினா விதிவிலக்கு பொருந்தாது.

கான்ஃபிக் இடத்தைத் தொடுற வேலையை ஃபர்ம்வேர்கிட்டயே விட்டுடலாம்னு, கர்னல் ஃபர்ம்வேரைக் கூப்பிடுற ஒரு அழைப்பு முறையை ஆர்ம் நிறுவனம் வெளியிட்டது. 2021-ல அதுக்கான பேட்ச் வந்தும் லினக்ஸ் சேர்த்துக்கல. என்னைக் கேட்டா அது சரியான முடிவு. பட்டியல் கர்னல்ல இருந்தா கோளாறு எல்லார் கண்ணுக்கும் தெரியும், லாக்ல பேரு வரும். ஃபர்ம்வேருக்குள்ள போயிட்டா அடுத்த சிப்பையும் அதே மாதிரி செய்வாங்க, கேட்க ஆளிருக்காது.

உங்க மெஷின்ல பார்க்க, கர்னலோட டிமெஸெஜ் லாக்ல "எம்சிஎஃப்ஜி குவர்க்"னு தேடுங்க (குவர்க்னா இந்த விதிவிலக்குதான்). வந்தா உங்க சிப் பட்டியல்ல இருக்கு. வரலைன்னா, ஆனா சிப் சந்தேகமா இருந்தா, எம்சிஎஃப்ஜியை டம்ப் பண்ணி 10-ஆம் பைட்ல பேரு, 16-ல அட்டவணைப் பேரு, 44-ல ஆரம்ப முகவரி மூணையும் சரிபாருங்க. கான்ஃபிக் ரைட் பக்கத்து பிட்டுகளைக் கெடுக்கலாம்னு ஒரு எச்சரிக்கையும் தேடுங்க. அது பஸ்ஸுக்கு ஒரு தடவைதான் வரும், அதனால பூட்டான உடனே பதிவான லாக்லதான் பார்க்கணும். அந்த வரி இருந்தா, அந்த பஸ்ல இருக்கிற கார்டோட ஸ்டேட்டஸ் சுத்தமா தெரிஞ்சாலும் பிழையே நடக்கலன்னு நம்பாதீங்க.