தொட்டில் கட்டிய குழாய்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், இப்போது இருப்பது சத்துவாச்சாரி. படகுக் கழிப்பறை பற்றிப் பேசுகிறேன் என்றதும், வேலூர்க்காரருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைப் பற்றி நாமே சொல்லிச் சிரிப்பவர்கள் நாம். சாமி இல்லாத கோயில் என்பதும் அந்த வரிசையில் இருந்தது. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்த பிறகு அதை மட்டும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

பாலாற்றில் நான் படகு விட்டவன் இல்லை. வளைகுடா நாடு ஒன்றில், சொந்தப் படகுகள் கட்டி நிற்கிற துறையில் 19 வருஷம் பிளம்பராக இருந்தேன். படகிலிருக்கும் கழிப்பறை, அதன் டேங்க், இரண்டுக்கும் நடுவே போகிற ஹோஸ், இவைதான் என் வேலை. சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் பக்கத்தில் கழிவைக் கடலில் விட முடியாது. பெரிய கப்பல்களே சுத்திகரிக்காத கழிவை 12 கடல் மைல் தாண்டித்தான் விடலாம் என்பது சர்வதேச விதி. அதனால் சின்னப் படகுகளிலும் டேங்கில் சேர்த்து வைத்து, கரைக்கு வந்து உறிஞ்சி எடுப்பார்கள். டேங்க் பெரும்பாலும் படுக்கைக்கு அடியில்தான் இருக்கும், வேறு இடம் கிடையாது. கழிப்பறையிலிருந்து அதுவரைக்கும் 38 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்று அலமாரிக்குப் பின்னால், பலகைக்கு அடியில் என்று நுழைந்து நுழைந்து போகும். நாற்றம் பிறக்கிற இடம் அந்த ஹோஸ்.

நான் போன முதல் வருஷம் ஒரு முதலாளி கூப்பிட்டார். அறைக்குள் நுழைந்தால் ஊதுபத்தி, அத்தர், கழிப்பறையில் நாஃப்தலின் உருண்டை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வாடை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடி நீக்கிய தண்ணீரில் அமிலம் கலந்தால் கிளம்புமே, அழுகிய முட்டை வாடை, அதே ஹைட்ரஜன் சல்பைடு. அங்கே ரசாயனம் செய்வதை இங்கே காற்றுப்படாத கழிவில் வாழும் பாக்டீரியா செய்கிறது. வாடை ஒன்றுதான். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஹோஸில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கிளாம்ப் எல்லாம் இறுக்கமாக இருந்தது. அப்புறம் எங்கிருந்து வருகிறது? என் மேஸ்திரி கொல்லத்துக்காரர், நாங்கள் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னார். டீ போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பழைய வேட்டியைக் கிழித்து, முதலில் ஹோஸின் வெளிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு வேறொரு துண்டை அந்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸைச் சுற்றிக் கட்டினார். துணி ஆறுகிற வரை பேச்சே இல்லை. ஆறியதும் எடுத்துக்கொண்டு படகை விட்டு இறங்கி, காற்று வருகிற பக்கமாக நின்று மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். துணியில் அந்த வாடை ஏறியிருந்தது. “மூக்கை நம்பாதேடா, துணியை நம்பு” என்றார்.

காரணம் இருக்கிறது. அறை முழுக்க நாறும்போது இந்த இடம் என்று மூக்கால் சொல்ல முடியாது. ஐந்து நிமிஷத்தில் மூக்கும் பழகிப்போகும். சூட்டுத் துணியோ அது தொட்ட இடத்தின் வாடையை மட்டும் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டாக ஒவ்வொரு இடத்தில் கட்டினால், ஹோஸில் எந்தப் பகுதி ஊறிப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆமாம், ஊறித்தான் போகிறது. மீன்குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை தேய்த்தாலும் வாடை போகிறதா? எவர்சில்வரில் அந்தத் தொல்லை இல்லை. கெட்டியான பிவிசி பைப்பில் வாடை ஊறாது. வளைய வேண்டும் என்று மென்மையாக்கும் பொருள் சேர்த்து ஹோஸாக்கும்போதுதான் வழி பிறக்கிறது. மலிவான மெல்லிய ஹோஸ் சீக்கிரம் ஊறும், கழிவுக்கென்றே செய்த தடித்த ரப்பர் ஹோஸ் பல வருஷம் தாங்கும். ஊறியதை வெளியே எடுக்க மருந்து கிடையாது. மாற்றித்தான் ஆக வேண்டும். பிளீச்சிங் ஊற்றிப் பார்ப்பார்கள், ஹோஸ் அப்படியே இருக்கும், கழிப்பறைக்குள் இருக்கிற ரப்பர் வால்வுதான் கெட்டுப்போகும்.

நான் அந்த ஹோஸை மாற்றினேன். முதலில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, டேங்கைக் காலி செய்து, கடல் தண்ணீர் உள்ளே வருகிற வால்வை மூடிவிட்டு, ஹோஸைப் பிடுங்காமல் கத்தியால் அறுத்து, இரண்டு முனையிலும் துணி அடைத்துப் பை கட்டி வெளியே எடுத்தேன். புது ஹோஸின் முனையை வெந்நீரில் முக்கி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். முனைக்கு இரண்டு கிளாம்ப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம். வாடை நின்றுவிட்டது, முதலாளிக்கு ஏக சந்தோஷம். ஒரு வருஷம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். அதே வாடை.

தப்பு என்னுடையது. பழைய ஹோஸ் போன வழியிலேயே புதியதையும் போட்டிருந்தேன். படுக்கைக்குப் பின்னால் இரண்டு பலகைக்கு நடுவே அது புடவைத் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலின் வயிற்றில் கழிவு மாதக்கணக்கில் படுத்திருந்தது. 38 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர் பிடிக்கும். நாலு மீட்டர் ஹோஸ் என்றால் நாலரை லிட்டர். தண்ணீர் சிக்கனம் என்று கழிப்பறையின் கைப்பம்பை நாலைந்து தடவை மட்டும் அடித்தால், போனது டேங்குக்குப் போகாமல் பாதி வழியில் நிற்கும். அதற்கப்புறம் நான் தொங்க விட்டதில்லை. நேரான இடத்தில் கெட்டி பைப், அதிர்வு தாங்குவதற்கு முனைகளில் மட்டும் சின்ன ஹோஸ், டேங்க் வரை சரிவு. சரிவு கிடைக்காத இடத்தில் முதலாளிக்கு ஒரே பேச்சு: ஹோஸ் காலியாகும் வரை அடியுங்கள்.

இன்னொன்று. காலையில் முதல் தடவை பம்ப் அடிக்கும்போது மட்டும் நாறுகிறதா? அப்படியானால் கழிவு ஹோஸின் மேல் பழி போடாதீர்கள். கழுவுவதற்குக் கடல் தண்ணீர் வருகிற ஹோஸைப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும், சல்பேட்டும் உண்டு. ராத்திரி முழுக்க அடைத்துக் கிடந்தால் செத்து அழுகி அதே முட்டை வாடை. படகைப் பூட்டிவிட்டுப் போகும்முன் நல்ல தண்ணீரை அந்த வழியாக ஓட்டிவிட்டால் போதும்.

டேங்கின் காற்றுக்குழாயையும் சொல்லிவிடுகிறேன். காற்று தாராளமாகப் போய்வந்தால் வாடை எழுப்பாத பாக்டீரியாவுக்குக் கை ஓங்கும். பல படகில் அது விரல் தடிமன்தான் இருக்கும், அதிலும் உப்பும் பூச்சிக்கூடும் அடைத்திருக்கும். அதைக் குத்திச் சுத்தம் செய்தாலே பாதி தொல்லை தீர்ந்த படகுகள் உண்டு.

ஊருக்கு வந்த பிறகு என்னிடம் படகு பற்றி யாரும் கேட்பதில்லை. பாத்ரூம் நாறுகிறது என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் கத்திரி வெயிலில். பிள்ளைகளுக்கு லீவு, வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் மாமியார் வீடு. தரையில் தண்ணீர் இறங்குகிற ஓட்டைக்கு அடியில் இருக்கிற டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் செப்டிக் டேங்குக்கும் நமக்கும் நடுவில் கதவு. நம் வெயிலில் அது வற்றிவிட்டால் கதவு திறந்துகொள்ளும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போகும்முன் அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. அப்படியும் நாறினால் மொட்டை மாடிக்குப் போய் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாயைப் பாருங்கள். டேங்கின் மூடியைத் திறந்து தலையை நீட்டாதீர்கள், ஆளையும் இறக்காதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, உள்ளேயே தங்கும். அளவு கூடினால் முதலில் மூக்கு மரத்துப்போகும். வாடையே இல்லை என்று அப்போதுதான் தோன்றும்.

போன மாசம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கூப்பிட்டார். வாஷ்பேசினுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளைக் குழாய் இருக்கும் இல்லையா, அது நாறுகிறது, ஆனால் ஒழுகவில்லை என்றார். குனிந்து பார்த்தேன். நீளம் அதிகமாக வாங்கிவிட்டார்கள், அறுக்க மனசில்லாமல் அப்படியே தொங்க விட்டிருந்தார்கள். நல்ல பெரிய தொட்டில். “அக்கா, கொஞ்சம் வெந்நீர் வையுங்க” என்றேன். அவர் டீத்தூள் டப்பாவை எடுக்கப் போனார்.