வெடிக்கெட்டு முடிந்தும் ஓயாத இரைச்சல்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் வேலா, பூரம் என்று கோயில் திருவிழாக்கள்தான். மீனம் 20, அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், நெம்மாரா–வல்லங்கி வேலா. அது முடிந்த மறுநாளே கிளினிக்குக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் என்று எங்கிருந்து வந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "காது அடைச்சாப்பல இருக்குங்க டாக்டரே. உள்ளுக்குள்ள கொய்ங்குன்னு ஒரு சத்தம். நிக்கவே மாட்டேங்குது." வெடிக்கெட்டு என்கிற வாணவேடிக்கையைப் பார்த்தவர்கள் மட்டுமல்ல, செண்டை மேளத்துக்கு நேர் எதிரே மணிக்கணக்கில் நின்றவர்களும், கல்யாண வீட்டில் டிஜே பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களும், கஞ்சிக்கோட்டு இரும்பு ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இரைச்சல் வந்த அந்த முதல் வாரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஒரு வாரத்தில் சிலர் பயந்துபோய் செய்யக் கூடாததைச் செய்கிறார்கள். சிலர் அலட்சியமாக இருந்து செய்ய வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். பின்னால் வருகிற தொல்லையில் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்தும்தான் வருகிறது.

முதலில் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். உட்காதில் காக்ளியா என்று ஒரு சுருள் உறுப்பு இருக்கிறது. அதில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழை செல்கள். ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவது இவைதான். வாளையாறு பக்கம் யானை இறங்கிப் போன நெல்வயலைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: சாய்ந்த பயிர் ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும், ஒடிந்தது நிமிராது. பெரும் சத்தத்துக்குப் பிறகு இந்தச் செல்களின் நிலையும் அதுதான். பலருக்கு ஒன்றிரண்டு நாளில் காது தெளிந்து இரைச்சலும் அடங்கிவிடுகிறது. ஆனால் அழிந்துபோன செல் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. அந்த இடத்திலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்ததும், மூளை அந்தப் பக்கம் கூர்ந்து கேட்க ஆரம்பிக்கிறது. நரம்புகளுக்குள் எப்போதும் இருக்கிற சலசலப்பே அப்போது சத்தமாகத் தெரிகிறது. அதாவது, இரைச்சல் கேட்பது உண்மை. அது மனப்பிரமை அல்ல. ஆனால் அந்த இரைச்சலே காதை மேலும் கெடுத்துவிடாது.

இப்போது ஒரு சின்னச் சோதனை. செல்போனை வலது காதில் வைத்து ஒருவரிடம் பேசுங்கள், பிறகு இடது காதுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் குரல் தெளிவாக மங்கியிருந்தால், அன்றே, முடியாவிட்டால் மறுநாளே காது டாக்டரைப் பாருங்கள். சளி, குரும்பி என்று நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். நரம்பு சம்பந்தமாகக் கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம். அதற்குக் காலம் முக்கியம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் கிடைப்பது கடினம். காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலும், தலை சுற்றினாலும், முகம் ஒரு பக்கம் இழுத்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து சத்தம் கேட்டாலும் காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், கேட்கும் திறனை அளக்கிற ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். வலி எதுவும் கிடையாது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வெடிச் சத்தத்தில் அடிபட்ட காது என்றால், பெரும்பாலும் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் சுருதிக்கு அருகே ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

காதில் எண்ணெய் விடாதீர்கள். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை எத்தனை பேர் ஊற்றிக்கொண்டு வருகிறார்கள் தெரியுமா? பக்கத்தில் வெடித்த வெடியில் செவிப்பறை கிழிந்திருந்தால், அந்த எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் வைத்துவிடும். பட்ஸும் வேண்டாம். அடிபட்ட காதை ஒரு வாரமாவது மறுபடி பெரும் சத்தத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். காது இரைச்சலைப் போக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை. விளம்பரத்தை நம்பி மாதக்கணக்கில் பணத்தைக் கரைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இனி ராத்திரி. முதலமடையில் மாந்தோப்பு வேலைக்குப் போகிற ஓர் அம்மா சொன்னார்: "பகல்ல ஒண்ணும் தெரியறதில்லீங்க. ராத்திரி கரண்ட் போயி ஃபேன் நின்னுச்சுன்னாத்தான், கொய்ங்குன்னு கெளம்பிருது." முழு விஷயமும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1953-ஆம் ஆண்டு ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். நிசப்தம் கிட்டத்தட்ட எந்தக் காதிலும் இரைச்சலைக் கிளப்பும். ஆகவே இரைச்சல் உள்ளவர்கள் அமைதியான இடத்தைத் தேடி ஓடக் கூடாது. படுக்கும்போது ஃபேன் ஓடட்டும். கரண்ட் நம்ப முடியாத ஊர் என்றால், பேட்டரி ரேடியோவைச் சன்னமாக வையுங்கள். இரைச்சலை முழுக்க மூடுகிற அளவுக்குக் கூட்ட வேண்டாம். இரைச்சலும் கேட்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும். அப்போதுதான் மூளை அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகும்.

'இன்னும் இருக்கிறதா' என்று காதைப் பொத்திப் பொத்திப் பார்க்கிற பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், இது ஆபத்தான சத்தம் என்று மூளைக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். பகல் முழுக்கப் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிவதும் இரைச்சலைத்தான் கூட்டும். நீடித்த இரைச்சலோடு வாழ்கிறவர்களுக்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற மனநல ஆலோசனைக்குத்தான் இருப்பதில் வலுவான ஆதாரம் உண்டு. பைத்தியத்துக்கான வைத்தியம் என்று கூச்சப்பட வேண்டாம். சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு, சத்தம் இருந்தாலும் அது தொந்தரவாக இருப்பதில்லை.

அடுத்த வேலாவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஊர்த் திருவிழாவை விட முடியுமா? மருந்துக்கடையில் கிடைக்கிற பஞ்சு போல மெத்தென்று இருக்கிற இயர்பிளக்கை (காதடைப்பானை) வாங்கிக்கொள்ளுங்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலாகவும் பின்னாலும் இழுத்துச் செருகி, அது உள்ளே விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை. வெறும் பஞ்சு பெரிதாகத் தடுக்காது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். செண்டைக்காரர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இது தினசரிக் கணக்கு. அவர்கள் வருடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கதினா என்கிற இரும்புக்குழாய் வெடி வெடிக்கிற இடத்துக்குப் போகிற அப்பாக்களைத்தான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். காது இரைகிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. திருவிழா முடிந்த நாட்களில் குழந்தை டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, அடம் என்று அதட்டாமல் காது பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வணக்கம்.