டோபா வெடிச்சப்ப மனுஷ இனம் அழியப் பாத்துச்சா?

அடுத்த கேள்வி. "74,000 வருஷத்துக்கு முன்னாடி சுமத்ராவுல டோபா எரிமலை வெடிச்சு, மனுஷங்க சில ஆயிரம் பேரா சுருங்கிட்டாங்கன்னு படிச்சேன், உண்மையா சார்?"ன்னு கல்லூரியில படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு.

பாதி உண்மை தம்பி. வெடிச்சது நிஜம், அதுவும் கொஞ்சநஞ்சமா இல்ல. சுமார் 2,800 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பு வெளிய வந்திருக்கு. மலை அப்படியே உள்ள இறங்கி, இப்ப அங்க 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி கிடக்கு. மனுஷன் அழியப் பாத்தாங்கிறதைத்தான் நான் நம்புறதில்ல.

அந்தக் கதை எப்படி வந்துச்சு? நம்ம முன்னோர் எண்ணிக்கை ஒரு காலத்துல ரொம்பக் குறைஞ்சிருந்ததா மரபணு ஆய்வுல தெரிஞ்சுது. எரிமலை கக்குற கந்தக வாயு உயரத்துல போய் அமிலத் துளிகளா மாறி வெயிலை மறைக்கும், பூமி குளிரும். இந்த ரெண்டையும் 1998ல ஸ்டான்லி ஆம்ப்ரோஸ்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் முடிச்சுப் போட்டாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆப்பிரிக்காவுலேருந்து ஒரு சின்னக் கூட்டம் கிளம்பி வந்து பெருகினாலும் மரபணுவுல அதே மாதிரி தடயம்தான் விழும். அதுக்கு எரிமலை தேவையே இல்ல.

சரி, மண்ணு என்ன சொல்லுது? ஆந்திராவுல, கர்னூல் பக்கம், ஜ்வாலாபுரம்னு ஒரு ஊரு. டோபா சாம்பல் அங்க வெளுப்பா இன்னும் படிஞ்சு கிடக்கு, சில இடத்துல ரெண்டு மீட்டருக்கு மேல. உடனே இந்தியாவே ஆள் உயரத்துக்குப் புதைஞ்சுதுன்னு யூடியூப்ல ஒருத்தர் கிளப்பி விடுவாரு! வானத்துலேருந்து விழுந்தது சில சென்டிமீட்டர்தான். மிச்சமெல்லாம் சுத்துப்பட்டுலேருந்து மழைத்தண்ணி அடிச்சுட்டு வந்து பள்ளத்துல சேர்த்தது. ஊர்க்காரங்க அதை வெட்டியெடுத்து பாத்திரம் துலக்குற பவுடருக்கு வித்திருக்காங்க.

அங்க மைக்கேல் பெட்ராக்லியாங்கிற தொல்லியல் ஆய்வாளரோட குழு தோண்டினாங்க. சாம்பலுக்குக் கீழ கல் கருவி, மேலயும் கல் கருவி, செஞ்ச விதத்துலயும் பெரிய வித்தியாசம் இல்ல. 2007ல வெளியிட்டாங்க. செஞ்சது நம்ம இனம்தானா, வேற மனித இனமான்னு சண்டை இன்னும் ஓயல, எலும்பு கிடைக்கலையே. ஆனா சாம்பல் விழுந்ததுக்கு அப்புறமும் அந்தப் பள்ளத்தாக்குல ஆள் நடமாட்டம் இருந்திருக்கு.

எத்தியோப்பியாவுல ஷின்ஃபா-மெடெமான்னு ஒரு இடம், 2024ல வந்த ஆய்வு. டோபா கக்குன நுண்ணிய கண்ணாடித் துகள் அங்கயும் மண்ணுல இருக்கு. அதுக்கப்புறம் வறட்சி, ஆறு வத்தி வெறும் குட்டை குட்டையா நிக்குது. அங்க இருந்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? மீனை நிறைய புடிச்சுத் தின்னிருக்காங்க. குட்டையில மீன் புடிக்கிறது சுலபம்தானே. வேட்டையாடித் திரியுறவனுக்கு அந்த வசதி உண்டு. ஒண்ணு போனா இன்னொண்ணு, இந்த இடம் இல்லன்னா அடுத்த இடம்.

ஆட்டையும் மாட்டையும் நம்பி ஒரே இடத்துல குடியிருக்கிறவன் எங்க போவான்? 1783ல ஐஸ்லாந்துல லாக்கி எரிமலை வெடிச்சுது. டோபா பக்கத்துல வைக்கவே முடியாது, அவ்வளவு சின்னது. எட்டு மாசம் பூமி பிளந்து குழம்பும் வாயுவும் வந்துட்டே இருந்துச்சு. அதுல இருந்த ஃபுளோரின் புல்லுல படிஞ்சுது, மேய்ஞ்ச ஆடுகளுக்குப் பல்லும் எலும்பும் கோணிப்போச்சு. பெரும்பாலான ஆடுகள் செத்துச்சு. அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்துல ஜனங்க அஞ்சுல ஒருத்தர் போயிட்டாங்க.