கிளி விரட்டும் விளையாட்டும் பன்னிரண்டு பேரும்

வணக்கம் நேயர்களே. ஏ9 வீதியால் போய் வந்த எல்லாருக்கும் முறிகண்டி தெரியும். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் நிற்கும், கொழும்பு போகிற பஸ்ஸும் நிற்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வரும்போது கையில் ஒரு பை கச்சான் இருக்கும். அங்கே கச்சான் விற்கிறவர்கள் யாரும் பத்திரிகையில் விளம்பரம் போடுவதில்லை, பஸ்ஸைப் பிள்ளையார் நிறுத்திக் கொடுக்கிறார். ஆனால் இறங்குகிற நாற்பது பேரும் எந்தக் கடைக்குப் போவது என்பதை முடிவுசெய்வது வறுக்கிற வாசமும், ருசி பார்க்கக் கையில் வைக்கிற நாலு கச்சானும், போன முறை வாங்கிய ஞாபகமும்தான்.

இன்றைக்கு நான் பேசப்போவது இணையத்தில் கேம் விற்கிற கடைகளைப் பற்றி. கணினிக் கேமுக்கு ஸ்டீம், எபிக், இட்ச், போன் கேமுக்கு கூகுள் பிளே, அப்பிள் என்று பெயர்கள் வரும், பெயர் புரியாவிட்டாலும் பரவாயில்லை, முறிகண்டியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கிளிநொச்சியில் ஏ.எல் எழுதி முடித்த பிள்ளைகளுக்கு கேம் செய்யப் படிப்பிக்கிறேன். கேம் என்றாலே பெற்றோருக்குப் பயம், பிள்ளை போனும் கையுமாகக் கெட்டுப்போகும் என்று. நான் சொல்வது செய்து விற்கிற கதை. அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது, நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு வன்னியில் இப்போது குறைவில்லை. செய்து முடிக்கிறார்கள். விற்கத்தான் தெரியவில்லை.

எங்கே பிழைக்கிறது என்றால், எல்லாரும் கேமை முழுதாகச் செய்து முடித்துவிட்டுத்தான் கடையைத் தேடுகிறார்கள். நெல்லை வெட்டிக் களத்தில் குவித்துவிட்டு, மழை இருட்டிக்கொண்டு வரும்போது சாக்குத் தேடுகிற மாதிரி. இந்தக் கடைகள் தருகிற உதவியில் பெரும்பகுதி கேம் வெளிவருகிற நாளுக்கு முன்னமே கிடைக்கிற உதவி. வெளிவந்த பிறகு போனால் அதில் பாதி கைக்கு வராது. இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலில் கழிவு. சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோனால் கழிவு எடுப்பார்கள் அல்லவா, இங்கேயும் அப்படித்தான். ஸ்டீம் 30 வீதம் எடுக்கும். ஒரு கேம் ஒரு கோடி டொலரைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதில் 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20. கூகுள் 2021இல் வருடத்தின் முதல் பத்து லட்சம் டொலருக்கு 15 வீதம் என்று குறைத்தது, அப்பிளும் சிறிய நிறுவனங்களுக்கு 15. எபிக் 2018இல் கடை திறந்தபோதே 12 வீதம் போதும் என்றது, 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் வருடத்தில் முதல் பத்து லட்சம் டொலர் வரைக்கும் ஒன்றுமே எடுப்பதில்லை. இட்ச் என்ற சின்னக் கடையில் கடைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை நாங்களே தீர்மானிக்கலாம், பூச்சியம் என்று போட்டாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இதைச் சொன்னவுடனே வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும், அப்படியென்றால் ஏன் ரீச்சர் ஸ்டீமுக்கு 30 கொடுக்க வேண்டும் என்று. நல்ல கேள்விதான். பஸ் நிற்காத ஒழுங்கையில் கடை போட்டால் வாடகை இல்லை, ஆட்களும் இல்லை. சந்தைக் கழிவு அநியாயம் என்று எங்கள் விவசாயிகள் கேட்பது போலவே கேம் செய்கிறவர்களும் உலகம் முழுக்க 30 கூடுதல் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், என்னுடைய எண்ணமும் அதுதான், 30 கூடுதல்தான். ஆனால் முதல் கேம் செய்கிற ஒரு பிள்ளைக்குக் கழிவை விடப் பெரிய பிரச்சினை தன் கேமை ஒருவரும் பார்க்காமல் போவது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. நாளுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு வட்டக்கச்சிப் பெடியனின் கேமை யார் தேடிப் பார்ப்பது?

வட்டக்கச்சி என்றதும் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் முக்கியமாக வந்தேன். என்னிடம் படித்த ஒரு தம்பி, தகப்பனுக்கு இரணைமடுக் குளத்து நீரில் விளைகிற வயல். சிறுபோகத்தில் கதிர் முற்றும்போது கிளி வரும், விரட்ட வேண்டும். சின்ன வயதில் அவன் செய்த வேலையும் அதுதான், தகரப் பேணியில் தடியால் தட்டிக்கொண்டு வரம்பில் ஓடுவது. அதையே போனில் விளையாடுகிற கேமாகச் செய்தான். பேணிச் சத்தத்தை இணையத்தில் எடுக்கவில்லை, வீட்டில் கிடந்த பால்மாப் பேணியைக் கொண்டுபோய் வயலில் வைத்துத் தட்டிப் பதிவுசெய்தான், பின்னால் காற்று நெல்லில் சரசரக்கிற சத்தமும் அதில் சேர்ந்து வந்துவிட்டது. கேட்டால் நீங்களே வரம்பில் நிற்கிற மாதிரி இருக்கும்.

கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டொலர் கட்ட வேண்டும், எங்கள் காசில் ஏழாயிரத்துச் சொச்சம். அப்பிளுக்கு வருடா வருடம் 99 டொலர், அதனால் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. காசைக் கட்டி, கேமை ஏற்றி, நாளைக்கே வந்துவிடும் என்று இருந்தோம். அப்போதுதான் ஒரு விதி குறுக்கே வந்தது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், கேமை எல்லாருக்கும் விடுவதற்கு முன்னால் குறைந்தது 12 பேரைச் சேர்த்து, அவர்கள் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 கடைசியில் 12 ஆக்கினார்கள்.

பன்னிரண்டு பேர்தானே, வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றான் தம்பி. எண்ணிப் பார்த்தால் ஆள் பன்னிரண்டு, கூகுள் கணக்கு ஏழுதான். அம்மாவின் போனில் இருந்தது தம்பியின் மின்னஞ்சல். தங்கச்சியின் போனும் அண்ணனின் போனும் ஒரே கணக்கு. மாமாவுக்குக் கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கின் கடவுச்சொல் மாமாவுக்கே தெரியாது. கிராமத்தில் இப்படித்தான் இருக்கும், கலிபோர்னியாவில் இருந்து விதி எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது. ஒவ்வொரு வீட்டு விறாந்தையிலும் உட்கார்ந்து கணக்குத் திறந்து, வட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பி, அழுத்துங்கோ மாமி, இல்லை அது இல்லை, கீழே இருக்கிற நீலத்தை அழுத்துங்கோ என்று சொல்லிச் சொல்லி ஒருவழியாகப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தோம். ஒன்பதாம் நாள், சிநேகிதன் ஒருவன் போனில் இடம் போதவில்லை என்று சோதனையிலிருந்து விலகும் பொத்தானை அழுத்திவிட்டான். பதினொன்று. தம்பிக்கு அன்றைக்கு முகமே இல்லை. திரும்ப முதலாம் நாளிலிருந்து தொடங்கினோம், இந்த முறை இருபது பேரோடு. அதனால் சொல்கிறேன், பன்னிரண்டு என்றால் இருபது பேரைச் சேருங்கள், ஒருவர் இருவர் கட்டாயம் விலகுவார்கள்.

ஆனால் அந்த இரண்டாவது 14 நாளில்தான் கேம் நல்ல கேமாக மாறியது. பக்கத்து வீட்டு மாமி, வயலில் பிறந்து வளர்ந்தவர், நாலு நாள் விளையாடிவிட்டு வேலிக்கு மேலால் கேட்டார்: "தம்பி, உன்ர கிளி என்ன மத்தியான வெயிலுக்க வருது? கிளி விடியவும் பின்னேரமும்தானே வரும்." தம்பி யோசித்துப் பார்த்தான், உண்மைதான். மாற்றினான். விடியப் பனியில் கொஞ்சம் கிளி, பின்னேரம் வெயில் சாயும்போது கூட்டமாகக் கிளி. மத்தியானத்தில் ஒன்றுமில்லை, காற்றுச் சத்தம் மட்டும், வெருளியைச் சரிசெய்யலாம், பேணிக்குக் கயிறு கட்டலாம். அந்த வெறும் மத்தியானம்தான் இப்போது கேமில் எல்லாருக்கும் பிடித்த இடம். சோதனை முடிந்து, வெளியிட அனுமதி கேட்கும்போது கூகுள் ஒரு படிவத்தில் கேள்வி கேட்கும், ஆட்களை எப்படிச் சேர்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று. தம்பி அதில் மாமி சொன்னதையே எழுதினான். அனுமதி வந்தது.

அந்த விதி கடினமானது என்பதை நான் மறைக்கவில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ளுக்கு இருக்கிற ஒரு பிள்ளை, சிக்னலுக்காகவே றோட்டுக்கு வர வேண்டிய பிள்ளை, தனியாக இருபது பேருக்கு எங்கே போவாள்? கூகுள் ஆள் தேடித் தருவதில்லை. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம், யார் கேம் செய்தாலும் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தவர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமார், அப்பாமார், உங்கள் ஊர்ப் பிள்ளை வந்து கேட்டால் 14 நாள் உங்கள் போனில் இடம் கொடுங்கள். விளையாடிவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள், மாமி சொன்ன மாதிரி.

இன்னொரு உதவியும் கூகுளில் இருக்கிறது, பல பேர் பார்ப்பதே இல்லை. சோதனைக்கு ஏற்றியவுடனே அவர்களே தங்களிடம் இருக்கிற பல வகைப் போன்களில் அதை ஓட்டிப் பார்த்து, எதில் நின்றுபோனது என்று அறிக்கை தருவார்கள், காசில்லாமல். எங்களிடம் இருந்தது மூன்றே மூன்று போன். அந்த அறிக்கை வராமல் இருந்திருந்தால் பழைய போன்களில் கேம் திறக்கவே திறக்காது என்பது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கடைப் பக்கத்தில் விபரத்தைத் தமிழிலும் எழுதலாம், எழுதுங்கள்.

இனி ஸ்டீம், கணினியில் விளையாடுகிறவர்களின் கடை. 2012இலிருந்து 2017 வரைக்கும் அங்கே ஆட்கள் வாக்குப் போட்டுத்தான் சின்ன கேம்கள் உள்ளே வரும். இப்போது ஒரு கேமுக்கு 100 டொலர் கட்டினால் போதும், கேம் ஆயிரம் டொலர் உழைத்தால் அந்த நூறு திரும்பி வரும். காசு கட்டி 30 நாள் கழித்துத்தான் முதல் கேமை விடலாம், கடைப் பக்கம் குறைந்தது இரண்டு கிழமை "விரைவில் வரும்" என்று திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இதைத் தண்டனை மாதிரிப் பார்க்கிறார்கள். இரண்டு கிழமைதான் கட்டாயம், ஆனால் ஆறு மாதம் முன்னமே பக்கத்தைத் திறக்கலாம், யாரும் தடுக்கவில்லை. பக்கம் திறந்திருந்தால் பார்க்கிறவர் விருப்பப் பட்டியலில், விஷ்லிஸ்ட் என்பார்கள், போட்டு வைப்பார். கேம் வெளிவருகிற அன்றைக்கு ஸ்டீமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். 20 வீதமோ அதற்கு மேலோ விலை குறைத்தாலும் அனுப்பும். ஆட்களைக் கூப்பிடுகிற வேலையைக் கடையே செய்கிறது, பட்டியலில் ஆள் இருந்தால் மட்டும். முன்னமே திறவுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

வருடத்தில் மூன்று தடவை ஸ்டீமில் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று ஒரு திருவிழா நடக்கும், இன்னும் வெளிவராத கேம்களின் ஒரு துண்டை இலவசமாக விளையாடக் கொடுக்கலாம். கையில் வைக்கிற நாலு கச்சான். ஒரு கேமுக்கு ஒரு தடவைதான் அந்தச் சந்தர்ப்பம், வெளிவந்த கேமுக்கு இடமே இல்லை. அப்புறம், வாங்கியவர் 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். பிள்ளைகள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம், தெரியாத ஒருவரின் கேமைத் துணிந்து வாங்க வைப்பதும் அதுதான். ஆனால் கேமின் நல்ல இடத்தை மூன்றாவது மணித்தியாலத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். காசு எப்படி வந்து சேரும் என்பதைப் பற்றி ஆறுதலாகப் பேச நினைத்தேன், சுருக்கிச் சொல்கிறேன். ஸ்டீம் மாதா மாதம் வங்கிக்கு அனுப்பும், 100 டொலர் சேர்ந்தால்தான். அமெரிக்க வரிப் படிவம் ஒன்று வரும், டபிள்யூ-8பென் என்று. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது, படிவத்தில் அதற்கென்று இருக்கிற கட்டத்தைச் சரியாக நிரப்பினால் பிடிக்கிற வரி குறையும், வெறுமையாக விட்டால் அமெரிக்காவில் விற்றதில் 30 வீதம் போய்விடும்.

கடைசியாகப் பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு சுருக்கமாக இருக்கும், கடைக் கணக்கில் பிள்ளை தன் பெயரை மட்டும் போட்டிருக்கும். எங்கள் பிள்ளை ஒருவருக்கு முதல் முதல் வந்த காசு இந்தப் பெயர்க் குழப்பத்தால் வங்கியில் நின்று, திரும்பிப் போய், மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து, இதை மட்டும் இன்றைக்கே வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விலை வைப்பது பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். வணக்கம்.