விடுதலையே! (பட்டிமன்ற உரை)

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, ஹட்டனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் சபையாரே, வணக்கம். "தினமும் தன்னை வெறுத்தல் மலையகக் கிறிஸ்தவருக்குச் சுமையா, விடுதலையா?" என்பது தலைப்பு. தன்னை வெறுத்தல் என்றால் தன்மேல் வெறுப்புக்கொள்வதல்ல; தன் ஆசையையும் பிடிவாதத்தையும் தானே விட்டுக்கொடுப்பது. விடுதலையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் நெஞ்சில் தைக்கிற மாதிரி ஒன்று கேட்டார். 1948இல் இலங்கை அரசு நம் மலையகத் தமிழ் மக்களின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டத் தொழிலாளிக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் அரச வர்த்தமானியில் வர 2021 ஆனது. இன்னமும் எத்தனையோ குடும்பம் லயத்துக் காம்பராவில்தான், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்தான், இருக்கிறது. இவ்வளவும் இழந்தவனிடம் போய், இன்னும் உன்னை வெறு என்பது நியாயமா என்றார்.

அண்ணன் சொன்ன இழப்பு ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அவை அடுத்தவர் நம்மிடமிருந்து பறித்தவை. பறிகொடுத்தது எப்படித் தன்னை வெறுத்தல் ஆகும்? லூக்கா 9:23இல் இயேசு சொல்வதைக் கேளுங்கள்: "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." வர ஆசைப்படுகிறவனிடம் பேசுகிறார். யாரையும் பிடித்து இழுக்கவில்லை.

ஆகவே, கூலி உயர்வு கேட்கிற தொழிலாளியைப் பார்த்து, "சிலுவையைச் சுமந்துகொண்டு பேசாமல் இரு" என்று யாராவது சொன்னால், அவர் வேதத்தையே புரட்டுகிறார். அநியாயமாய்ப் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது என்கிறது யாக்கோபு 5ஆம் அதிகாரம். உபவாசம் இருந்துகொண்டே வேலையாட்களை வருத்தியவர்களை ஏசாயா 58இல் கடவுள் கண்டிக்கிறார். சம்பளத்துக்காகக் கொடி பிடிக்கிற அதே ஆள், வீட்டில் தன்னை வெறுக்கிறவனாகவும் இருக்கலாம்.

சரி, அப்படியானால் எதை வெறுப்பது? நம் வீட்டுக்குள்ளேயே வாருங்கள். விடிய நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, சின்னதைத் தோட்டத்துப் பிள்ளைக்காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறாள் ஒரு தாய். அந்தியில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் மறுபடியும் அடுப்படிதான். டின்மீன் வாங்கிய இரவில் துண்டெல்லாம் மற்றவர்கள் தட்டுக்குப் போகும். சட்டியை வழித்த ரொட்டி அவளுக்கு. இதைக் காட்டி, எங்கள் வீட்டில் தியாகம் இருக்கிறது என்று ஆண்கள் நாம் பெருமைப்படுகிறோம். அது அவளுடைய தியாகம் ஐயா. நம்முடையது எங்கே? தன்னை வெறுக்கத்தான் இயேசு சொன்னார். பெண்சாதியின் தட்டில் குறைக்கச் சொல்லவில்லை.

சம்பள நாளன்று தவறணை என்கிற சாராயக்கடை வாசலுக்கு வாருங்கள். காசு சட்டைப்பையில் இருக்கிறது. கூட்டாளி கையைப் பிடித்து இழுக்கிறான். உடம்பு முழுக்க வலி, ஒரு கிளாஸ் போட்டால் தூக்கம் வரும் என்று மனசும் சொல்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டு நடக்கிற அந்த நிமிஷம் கசப்பானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போனவனைப் பாருங்கள். கடையில் பாக்கி, சீட்டுக்காசு பாக்கி, காலையில் மகளின் முகத்தை நேராகப் பார்க்க முடியாத கூச்சம். சுமையைச் சுமப்பவர் இந்த இருவரில் யார், நடுவர் அவர்களே?

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்து நாற்பது நாள் ஒறுத்தல் போதாதா என்று இன்னொரு கேள்வியும் வந்தது. அந்த நாற்பது நாளை நானும் மதிக்கிறேன். ஆனால் தவறணை நாற்பது நாளோடு மூடிவிடுவதில்லை. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் நம் வாளிக்கு முன்னால் யாராவது வாளியை வைத்தால் நாக்கு நுனிக்கு வருகிற வார்த்தையும் வருஷம் முழுக்க வருகிறது. சபைக் கமிட்டியில் நான் சொன்னதே நடக்க வேண்டும் என்கிற பிடிவாதமும் அப்படித்தான். இறைச்சியை விடுவதைவிட அந்தப் பிடிவாதத்தை விடுவது கஷ்டம். "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று கெத்செமனேயில் இயேசு ஜெபித்தபோது விட்டதும் தம் சித்தத்தைத்தான்.

இதெல்லாம் புனிதர்களுக்கு, நமக்கல்ல என்றது எதிரணி. சரி, நம் மலைநாட்டோடு சேர்ந்த ஒரு புனிதரையே எடுப்போம். யோசேப்பு வாஸ் என்ற கத்தோலிக்கக் குரு. கோவாவிலிருந்து 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவியது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். அவர் நின்றார். கைவிடப்பட்டவர்களுக்குச் சோறு கொடுத்தார், புண்ணைக் கழுவினார், செத்தவர்களைப் புதைத்தார். மறுநாள் எழுந்து அதையே செய்தார். தன்னைச் சிறைவைத்த ஊர் என்ற கணக்கு அவரிடம் இல்லை. பௌத்த மன்னரே மதித்து, அவர் தடையில்லாமல் ஊழியம் செய்ய வழிவிட்டார். 1711இல் அதே கண்டியில் இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

எனக்கு அடுத்துப் பேசவரும் எதிரணித் தங்கையிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். கண்டியை விட்டு அவரும் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகும் வழி திறந்திருந்தும் விரும்பித் தங்கிய அந்த மனிதரைச் சுமை சுமந்தவர் என்பீர்களா, விடுதலை பெற்றவர் என்பீர்களா? நன்றி, வணக்கம்.