ராசாத்தியின் நினைவில்

(விலங்குக் காப்பகம் ஒன்றின் தத்தெடுப்பு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, காப்பகத்தின் பணியாளர்களே, கால்நடை மருத்துவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இறந்துபோன ஒரு நாயைப் பற்றி மேடையேறிப் பேசுவது நம் ஊரில் வழக்கமில்லை. ஆனாலும் நான் ராசாத்தியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இந்தக் காப்பகத்தின் பின்வரிசைக் கூண்டு ஒன்றில் நெடுங்காலம் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாமல் இருந்து, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, அங்கேயே முதுமையடைந்து, சென்ற ஆடி மாதத்தில் கண்மூடிய நாட்டு நாய் அவள். அவளை நினைக்கும்போதெல்லாம், வயதேறி, உடலில் குறையோடு, பார்க்க வருபவர் கண்ணில் படாமல் கூண்டின் மூலையில் படுத்திருக்கும் நாயைத்தான் நாம் முதலில் வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது.

தத்தெடுப்பு எப்படி நடக்கிறது என்பதை இங்கே பணியாற்றுவோர் நன்கு அறிவார்கள். குட்டிகள் வந்த வேகத்தில் போய்விடும். யாரோ வளர்க்க முடியாமல் விட்டுச்சென்ற லாப்ரடாருக்கும் பொமரேனியனுக்கும் கேட்டு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். மூன்று நான்கு வயதைக் கடந்த நாட்டு நாய், அதுவும் எந்தத் தெருவிலும் காணக்கூடிய செம்பழுப்பு நிறத்தில் இருந்துவிட்டால், அதன் கூண்டின் முன் எவரும் நிற்பதில்லை. ராசாத்தி அப்படிப்பட்டவள். வண்டி மோதிப் பின்னங்கால் முறிந்த நிலையில் இங்கே கொண்டுவரப்பட்டாள். எலும்பு கூடியபோது கால் சற்றுக் குட்டையாகிவிட்டதால், நடக்கையில் அவள் இடுப்பு ஒருபக்கம் சாயும். காது நுனியில், கருத்தடை செய்ததற்கு அடையாளமான சிறு வெட்டு இருந்தது. பெயர் மட்டும் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. கூண்டுகளைக் கழுவிச் சோறு போடும் அம்மா ஒருவர் வைத்த பெயர் அது. எங்களை அவளிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. “இவ குரைக்கமாட்டா, கூப்பிட்டா வரவும் மாட்டா. ஆனா நீங்க போனப்புறம் நீங்க நின்ன இடத்துல வந்து மோந்து பார்ப்பா” என்றார். பல நூறு நாய்களுக்கு நடுவே ஒரு நாயின் இந்த வழக்கத்தைக் கவனித்து வைத்திருந்த அந்த அம்மாவின் சொல்லை நம்பித்தான் நாங்கள் படிவத்தில் கையெழுத்திட்டோம்.

முதல் சில வாரங்கள் அவள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். நாங்கள் அறையில் இருக்கும்வரை தட்டில் வாய் வைக்கமாட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் சோற்றை நக்கும் ஓசை கேட்கும். யாராவது துடைப்பத்தைக் கையில் எடுத்தால் போதும், உடல் முழுவதும் நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவாள். எங்கேயோ எவரோ அவளை அடித்திருக்கிறார்கள் என்பதை அந்த உடல் சொன்னது. அதற்குமேல் அவளுடைய பழைய வாழ்க்கையை அறிய எங்களுக்கு வழியில்லை. கண்ணுக்கு நேரே உற்றுப் பார்க்காதீர்கள், கட்டிலடியிலிருந்து இழுக்காதீர்கள், சோறும் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வையுங்கள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். அதன்படியே நடந்தோம். என் அம்மா, அவள் மொட்டைமாடிக்குப் போகும் வேளை பார்த்து வீட்டைக் கூட்டும் வழக்கத்துக்குத் தம்மை மாற்றிக்கொண்டார். வீட்டுக்குள் நாய் வேண்டவே வேண்டாம் என்று முதலில் மறுத்தவர் அவர்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் பிற்பகலில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ராசாத்தி தானாகவே கட்டிலடியை விட்டு வந்து, முறத்துக்கு ஒரு சாண் தள்ளிப் படுத்து, முகவாயைத் தரையில் வைத்துக் கண்களை மூடினாள். கையை அசைத்தால் அவள் எழுந்து போய்விடுவாளோ என்று அம்மா கீரையைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போன பிறகும் எழுந்திருக்கவில்லை. அன்று மாலை அடுப்பு ஏறத் தாமதமாயிற்று.

குட்டியிலிருந்து வளர்க்கும் நாயின் அன்பு குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அதற்கு நம்மைத் தவிர வேறு உலகம் தெரியாது. அடியும் பசியும் கண்டு, மனிதர்களை நம்பக்கூடாது என்பதற்கு எல்லாக் காரணங்களும் தன்னிடம் இருக்க, அப்படியும் ஒரு மனிதரின் பக்கத்தில் வந்து கண்களை மூடிப் படுப்பது அந்த நாய் தானே எடுக்கும் முடிவு. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெருமைகளில் இதற்கு மேலான ஒன்றை நான் அறியேன்.

அவள் காதிலிருந்த அந்தச் சிறு வெட்டுக்குப் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது. ஒருகாலத்தில் இதே சென்னையில் மாநகராட்சி பிடித்துச் செல்லும் நாய்கள் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து காப்பாற்றியதில் தொடங்கி, 1959ஆம் ஆண்டில் தம் குடும்பத்தாரோடு சேர்ந்து ப்ளூ கிராஸ் என்னும் விலங்குநல அமைப்பை நிறுவினார். கொல்வதால் தெருநாய்களின் எண்ணிக்கை குறையவில்லை, இடம் காலியானால் வேறு நாய்கள் வந்து நிரப்புகின்றன என்பதைக் கண்டு, கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964இல் அந்த அமைப்பு தொடங்கியது. மாநகராட்சி இதை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. நாடு முழுவதற்குமான விதிகள் 2001இல் வந்தன. அவை 2023இல் திருத்தி எழுதப்பட்டன. விலங்குவதைத் தடுப்புக்காக 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அந்த முயற்சியின் விளைவாகவே 1960ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. இவர்கள் எவரும் இல்லாதிருந்தால், கால் முறிந்து சாலையோரம் கிடந்த ராசாத்தி அன்றே முடிந்திருப்பாள்.

வெறிநோயைக் கண்டு மக்கள் அஞ்சுவதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைக்காத நோய் அது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு பள்ளிப்பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். தெருநாய்கள் குறித்து 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தில்லிக்குப் பிறப்பித்த ஆணைகளும் அவற்றையொட்டி எழுந்த சண்டைகளும் உங்களுக்கு நினைவிருக்கும். எல்லா நாய்களையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று முதலில் சொன்ன நீதிமன்றம், 22ஆம் தேதி அதைத் திருத்தியபோது, விரும்புவோர் மாநகராட்சி வழியாகத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம், ஆனால் அவை மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. அந்தப் பொறுப்பை எத்தனை வீடுகள் ஏற்கும் என்பதில்தான் காப்பகங்களின் நிலை அடங்கியிருக்கிறது. உள்ளே வருபவை பெருகி, வெளியே போகும் வழி அடைபட்டுவிட்டால், எவ்வளவு நல்ல காப்பகமும் நெரிசலில் நோய்க்கூடமாக மாறிவிடும்.

ராசாத்தியின் கடைசிக் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் உண்ணிக்காய்ச்சல் வந்து, ஈறு வெளுத்து, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. டாக்சிசைக்ளின் மாத்திரையில் பிழைத்துக்கொண்டாள். ஆனால் முதுமையில் சிறுநீரகம் பழுதடைந்ததற்கு அப்படி மருந்து இல்லை. நாய்களுக்குச் சிறுநீரகத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகுதான் மிகுதியான தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற அறிகுறிகளே தெரியத் தொடங்கும். ஆகவே, ஏழு வயதைக் கடந்த நாயை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் அளவைப் பாருங்கள். மருத்துவர் கற்றுத்தந்தபடி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலை மெல்ல உயர்த்தி, ஊசி வழியாகச் சலைன் ஏற்றுவோம். தோலுக்கடியில் நீர் சேர்ந்து சிறு திமில் போலப் புடைத்து நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடலில் கலந்து மறையும். ஊசி ஏறும்போது அவள் ஒருமுறைகூடத் திமிறியதில்லை. அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கண்களை மட்டும் என் பக்கம் திருப்பியிருப்பாள். துடைப்பத்துக்கு நடுங்கிய அதே நாய் ஊசிக்கு நடுங்கவில்லை. எங்கள் வீட்டில்தான் அவள் உயிர் போயிற்று. அப்போது அம்மாவின் கை அவள் மேல் இருந்தது.

அதன்பின் சில நாட்கள் எனக்கு வேலை ஓடவில்லை. விடுப்புக் கேட்டபோது, “ஒரு நாய்க்காகவா?” என்று ஒருவர் கேட்டார். அவர் என் மனம் நோகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நாய்க்காகத் துக்கப்படுவது பெரியவர்களுக்கு அழகல்ல என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எழுப்பிய கல் அது. அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். கர்நாடகத்து ஆதகூரிலும், காட்டுப்பன்றியோடு போரிட்டு இறந்த காளி என்ற வேட்டைநாய்க்குப் பத்தாம் நூற்றாண்டில் கல் நாட்டினார்கள். வீரனின் பெயருக்குப் பக்கத்தில் நாயின் பெயரையும் கல்லில் வெட்டச் சொன்னவர், அதைத் தமக்கு இழிவு என்று கருதியிருக்க முடியாது. கோவிவன் கள்வரைக் கடித்தான். ராசாத்தி எவரையும் கடித்ததில்லை, எதையும் காத்ததுமில்லை. மாலையில் கதவு திறக்கும் ஓசைக்குச் சாய்ந்த இடுப்போடு எழுந்து வருவாள், அவ்வளவுதான். அதற்கும் அழலாம் என்று நான் நம்புகிறேன். அழுதேன்.

இந்த அரங்கில் இன்று நாய் தேடி வந்திருக்கும் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் குட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்று மாலைக்குள் வீடு கிடைத்துவிடும். நீங்கள் மருந்தகத்தைக் கடந்து பின்வரிசைக்குப் போங்கள். கண்பார்வை மங்கிய கறுப்பு நாய் ஒன்றும், முன்னங்கால் ஒன்றை இழந்த பெண் நாய் ஒன்றும் அங்கே இருக்கின்றன. உங்களைக் கண்டதும் அவை ஓடிவரமாட்டா. சோறு போடும் அம்மா அங்கேதான் இருப்பார். ஒவ்வொன்றும் எதற்கு அஞ்சும், எதை விரும்பித் தின்னும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்பதையெல்லாம் அவரிடம் கேளுங்கள். படிவத்துக்கு அடையாள அட்டையின் நகலும் வீட்டு முகவரியும் போதும். ஐந்து மணிவரை அலுவலகம் திறந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.