அங்குசம் வாங்க யோசிக்கலாமா?

(நூலகர் தினத்தன்று கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்த தம்பி அவர்களே, வணக்கம். பெயர் விடுபட்ட புரவலர்கள் பொறுத்தருள வேண்டும்.

நூலகத்துக்கு மக்கள் அன்று எதற்கு வந்தார்கள், இன்று எதற்கு வருகிறார்கள், நாளை எதற்கு வருவார்கள்? மூன்றையும் பேசுவதாக உத்தேசம்.

அன்று, 1931இல், மன்னார்குடிப் பக்கம் புத்தகம்தான் மாட்டுவண்டி ஏறி ஆளைத் தேடிப் போனது. 1948இல், இன்று நாம் பிறந்தநாள் கொண்டாடும் நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். யானை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்க யோசிக்கலாமா? இந்தப் பழமொழிக்குக் கடைசியில் வருகிறேன்.

பைண்டு செய்த தொடர்கதைக்காக வந்தார்கள், ஓசிப் பேப்பருக்காக வந்தார்கள். இன்று சொந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, அமைதி. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

நம் நூலகத்தில் ஒரு பெரியவர். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். குறட்டை வந்தால்தான் தூங்குகிறார் என்று தெரியும். எதிரே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண். ஒருநாள், "தாத்தா, தூங்குற நேரத்துல என்கிட்ட நாலு கேள்வி கேளுங்களேன்" என்றாள். அவ்வளவுதான், மனிதர் வாத்தியாராகிவிட்டார்! பொது அறிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விரட்டினார். தவறான விடைக்குத் தலையில் குட்டாத குறை. ஆனால் அவள் தினமும் பதினொரு மணிக்கு மூட்டை கட்டிவிடுவாள். "சோம்பேறிக் கழுதை" என்று இவர் திட்ட, அவள் நூலகர் அம்மாவிடம் மட்டும் காரணத்தைச் சொன்னாள். இங்கே கழிப்பறை இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் அதுவரை உட்கார்ந்திருக்கிறாள். விஷயம் காதுக்கு எட்டியதும் பெரியவர் அன்று பேப்பரை மடித்தவர்தான். முதல் மனுவை எழுதியவரும் அவரே.

அலுவலர் ஐயா, கட்டடம் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, கணினியும் வந்துவிட்டது. யானை வாங்கியாயிற்று! பெண்களுக்கு ஒரு கழிப்பறை, அதில் தண்ணீர், உள்ளே ஒரு தாழ்ப்பாள். இந்த அங்குசத்துக்கா இத்தனை யோசனை?

நாளையைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போங்கள்.